தொழிலாளரே உடைமையாளரான பள்ளத்தாக்கு

1937 ஏப்ரல் 26 அன்று பாஸ்க் மக்களின் பழம்பெரும் நகரான குவெர்னிக்கா விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. 1939இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது, அம்மக்கள் தோல்வியுற்றோராய் நின்றனர். பிராங்கோ ஆட்சி அவர்தம் மொழியை ஒடுக்கியது. பலர் சிறைப்பட்டனர், பலர் அகதிகளாயினர்.

அப்போரிலே சிறை சென்று உயிர்தப்பிய ஹோசே மரியா அரிஸ்மென்டியரியெட்டா என்பார், கத்தோலிக்கக் குருவாகி 1941இல் மொன்ட்ராகன் என்னும் சிற்றூருக்கு வந்தார். வறுமையும் வேலையின்மையும் சூழ்ந்த அவ்வூரில் அவர் முதலில் நாடியது கல்வியையே. ஊர்மக்கள் ஈந்த சிறுதொகைகளைக் கொண்டு 1943இல் ஒரு தொழிற்பள்ளி தோன்றியது.

அதிற் பயின்ற ஐவர், தாம் வேலைசெய்த தொழிற்சாலையில் தொழிலாளருக்கும் பங்கு வேண்டுமெனக் கேட்டனர். அது மறுக்கப்பட்டது. ஆகவே அயலவரிடம் கடன் திரட்டி, 1956இல் 'உல்கோர்' என்னும் சொந்தத் தொழிற்சாலையை நிறுவி, மண்ணெண்ணெய் அடுப்புகளைச் செய்யலாயினர். ஐவரின் பெயர்களின் முதலெழுத்துகளே அப்பெயராயின.

அங்கு வகுக்கப்பட்ட விதிகள் குறிப்பிடத்தக்கன. உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலிட்டுச் சேரவேண்டும். முதல் எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. தொடக்கத்தில் உயர்ந்த சம்பளம் தாழ்ந்த சம்பளத்தின் மும்மடங்கைத் தாண்டக்கூடாது. இலாபத்தில் ஒரு பகுதி பொதுச் சேமிப்புக்கும் ஊர்நலனுக்கும் ஒதுக்கப்பட்டது. மீதி உறுப்பினரின் தனிக் கணக்குகளில் முதலாகச் சேர்ந்து, ஓய்வுபெறும்போது அவர்களை அடைந்தது. முன்னர் ஒரு முதலாளியிடம் குவிந்த செல்வம் இவ்வாறு பல குடும்பங்களுக்குப் பரவியது.

1959இல் அவர்கள் சொந்த வங்கியையும் கண்டனர். பள்ளத்தாக்கு மக்களின் சேமிப்பு அங்கேயே புதிய தொழிற்சாலைகளாக மாறியது. சொந்தத் தொழில் செய்வோரென்று கூறி அரசு சமூகக் காப்புறுதியை மறுத்தபோது, அதனையும் தாமே அமைத்துக்கொண்டனர். இன்று ஏறத்தாழ 80 கூட்டுறவுகளும் 70,000 வேலையாட்களும் அவ்வமைப்பில் உள்ளனர்.

குறைகளும் உண்டு. அந்நிய நாடுகளிலுள்ள அதன் தொழிற்சாலைகளிற் பெரும்பாலோர் கூலியாட்களே; உடைமையாளர் அல்லர். உல்கோரின் வழிவந்த 'பாகோர்' வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் முறிந்தது. உறுப்பினர் இட்ட பணமும் போயிற்று. எனினும் அவர்களிற் பலருக்கு ஏனைய கூட்டுறவுகள் வேலை அளித்தன.

சம்பளம் அன்றாடச் செலவிலே கரைந்துவிடும். உடைமையே அடுத்த தலைமுறைக்குச் செல்வமாகும். போரில் யாவும் இழந்த ஒரு மக்கள், பள்ளிக்கூடம் ஒன்றிலே தொடங்கி இவ்வுண்மையைச் செயலிற் காட்டினர். பிறர் ஆலைகளில் உழைத்துக் களைக்கும் நாமும் இதனைச் சிந்தித்தல் நன்று.