அளவு யாருடையது?

ராசிங்காபுரத்தில் விடிவதற்குள் ஜீப் வந்துவிடும். போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் அதைத் தவறவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. 2009இல் பெரியப்பா இறந்த பிறகு தூக்கமில்லாமல் தவித்த என் பெரியம்மாவுக்கு ஒரு மருத்துவர் சோல்பிடெம் மாத்திரை எழுதிக்கொடுத்தார், 10 மில்லிகிராம். இரவு தூங்கினார். காலையில் ஜீப்பிலும் தூங்கினார். ஈரச் சரிவில் நிதானம் தப்பி இரண்டு முறை விழுந்தார். மருத்துவரிடம் சொன்னதற்கு, “வயசாகுதுல்ல, போகப்போகச் சரியாயிடும்” என்று பதில் வந்தது. ஜீப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்தான், “பாதியா ஒடச்சுப் போட்டுப் பாருங்க மதினி” என்றார். பெரியம்மா உடைத்தார். காலை மயக்கம் தெளிந்தது.

2013 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அந்த முடிவுக்குத்தான் வந்தது. பெண்களுக்கான அளவை 10இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் ஆன பின்னும், வண்டி ஓட்டும் திறனைக் கெடுக்கும் அளவுக்கு மருந்து பெண்களில் சுமார் 15 விழுக்காட்டினரின் இரத்தத்தில் மிச்சமிருந்தது. ஆண்களில் இது 3 விழுக்காடு. பெண்ணுடல் அந்த மருந்தை மெதுவாக வெளியேற்றுகிறது. அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது 1992இல். இருபது ஆண்டுகள் இருபாலருக்கும் ஒரே அளவுதான்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. கருவை என்ன செய்யும் என்று முறையாகச் சோதிக்காமல் விற்றதுதான் அங்கே நடந்த தவறு. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அமெரிக்க நிர்வாகம் வழிகாட்டியது. கருத்தடை செய்துகொள்பவர், மணமாகாதவர், கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர் எல்லோரும் அதில் அடக்கம். எவ்வளவு கொடுக்கலாம் என்று தேடும் கட்டமே அதுதான். 1993இல் அந்தத் தடை நீங்கியது. அதுவரை காப்பாற்றுகிறோம் என்று சொல்லியே பெண்ணைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள்.

அப்படியானால் பெண்ணுடலை ஆய்வுக்கூடம் தொடவே இல்லையா? தொட்டது. 1985இல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவு ஆரம்ப சுகாதார நிலையத்தில், நெட்-என் என்ற கருத்தடை ஊசி போட ஏழைப் பெண்கள் அழைத்துவரப்பட்டார்கள். இது இன்னும் ஆய்விலிருக்கும் மருந்து என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா அமைப்பின் பெண்கள் அங்கே போய் விளக்கிய பிறகு பலர் ஊசி வேண்டாமென்று திரும்பினார்கள். அடுத்த ஆண்டு அந்த அமைப்பும், தில்லியின் சஹேலி உள்ளிட்டோரும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். எல்லோரும் சாப்பிடும் மருந்துக்கு அளவு தேடியபோது, கருத்தரிக்கக்கூடியவள் என்பதால் பெண் வெளியே நிறுத்தப்பட்டாள். கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சோதித்தபோது, அதே காரணத்துக்காகச் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே இழுக்கப்பட்டாள். இரண்டிலும் அவள் கருப்பையாக மட்டுமே பார்க்கப்பட்டாள். அவளுக்கும் ஈரலும் சிறுநீரகமும் தூக்கமும் உண்டு, காலையில் ஏற வேண்டிய ஜீப் ஒன்றும் உண்டு என்பது எவருக்கும் தோன்றவில்லை. இரண்டிலும் அவளைக் கேட்கவுமில்லை.

மாத்திரையை எல்லோரும் உடைத்துப் போடலாம் என்று சொல்ல வரவில்லை. உடைக்கக் கூடாத மாத்திரைகள் பல உண்டு. அந்த மதினி சொன்னது வைத்தியமும் அல்ல. ஆனால் பெரியம்மாவின் உடம்பு தந்த சேதியை நம்பிக் கேட்டவர் அவர்தான். அந்தச் சேதி எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 2010 முதல் இந்தியாவில் மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டம் இருக்கிறது. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் தெரிவிக்கலாம். ஜீப்பில் பேசியது அங்கே போய்ச் சேர வேண்டும். இந்த அளவு யாரைச் சோதித்து எழுதியது என்று மருத்துவரின் மேசை முன்னால் கேட்கவும் வேண்டும். பெரியம்மா கேட்கவில்லை. அவருக்கு நேரமாகியிருந்தது.