மாவோரிச் சிறுவரும் இருமொழிக் கல்வியும்

தம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் ஒரு சொல்லேனும் பேசலாகாது என்று பெற்றோரே அரசினரிடம் விண்ணப்பஞ் செய்தனர் என்றால் நம்புவார் சிலரே. நியூசீலந்தில் 1876ஆம் ஆண்டில் அஃது உண்மையாகவே நிகழ்ந்தது. வீ தே ஹாக்கிரோ என்பவரும் வேறு 336 மாவோரி மக்களும் கையொப்பமிட்டுப் பாராளுமன்றத்துக்கு ஒரு மகஜர் அனுப்பினர். பாடசாலையில் ஆங்கிலமே வழங்கவேண்டும். ஆசிரியர் மட்டுமன்றி அவர்தம் மனைவி மக்களும் மாவோரி மொழி அறியாதவராய் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். ஒரு நூற்றாண்டு கழியுமுன், 1972ஆம் ஆண்டு செப்தெம்பர் 14ஆம் நாள், அவ்வினத்தாரே 30,000க்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் பிறிதொரு மகஜரை அதே பாராளுமன்றத்தின் படிகளில் வைத்தனர். அதில் அவர்கள் கேட்டது பாடசாலைகளில் மாவோரி மொழி கற்பிக்கப்படல் வேண்டும் என்பதே. இவ்விரு மகஜர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வந்த பாதிரிமார் மாவோரி மொழியைப் புறக்கணித்தவரல்லர். தோமசு கெண்டல் என்பார் அம்மொழியில் ஒரு சிறு நூலை இயற்றி 1815இற் சிட்னி நகரில் அச்சிடுவித்தார். மறு ஆண்டு ரங்கிஹோவா என்னுமிடத்தில் 33 மாணாக்கருடன் பள்ளியொன்று தொடங்கினார். அப்பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் எழுத்து நிலைத்தது. 1820இற் கேம்பிரிட்சுப் பேராசிரியர் சாமுவேல் லீ என்பாரும் கெண்டலும், ஹோங்கி ஹிக்கா, வைக்காத்தோ என்னும் இரு மாவோரித் தலைவர்களின் துணையுடன் அம்மொழிக்கு இலக்கணமும் சொல்லகராதியும் வகுத்தனர். அயலார் எழுத்தைத் தம் மொழிக்கு ஏற்றுக்கொண்ட மாவோரியர், பல்லாண்டு செல்லுமுன்னரே ஊர்தோறும் வாசிக்கவும் கடிதம் எழுதவுங் கற்றுக்கொண்டனர். போதனாமொழி அவர்தம் மொழியேயாக இருந்தமையே இவ்விரைவுக்குத் தலையாய காரணம் என்பது எம் கருத்து.

இந்நிலையை மாற்றியது அரசாங்கத்தின் பணப்பை. ஆளுநர் கிரே என்பார் 1847இற் பிறப்பித்த கட்டளைச் சட்டம், ஆங்கிலம் கற்பிக்கும் மிசன் பாடசாலைகளுக்கே உதவிப்பணம் வழங்கியது. 1860ஆம் ஆண்டுகளில் நிலம் பற்றிய போர்கள் மூண்டமையால் அப்பாடசாலைகள் பல அழிந்தொழிந்தன. அவற்றின் இடத்தில், 1867ஆம் ஆண்டின் சட்டப்படி சுதேச பாடசாலைகள் தோன்றின. ஊரார் பள்ளி வேண்டுமென்று கேட்டு, நிலமும் ஈந்து, செலவில் ஒரு பங்கையும் தாங்குதல் வேண்டும். போதனாமொழி இயன்றவரை ஆங்கிலமாகவே இருத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. நிலம் கொடுத்துப் பள்ளி பெற்ற மக்கள், தாம் வீட்டிற் கற்பிக்க இயலாத ஒன்றையே அங்கு எதிர்பார்த்தனர். நிலப்பத்திரம், வணிகம், நீதிமன்றம் யாவும் ஆங்கிலத்தில் நடந்த காலம் அது. வீ தே ஹாக்கிரோவின் மகஜர் மொழிவெறுப்பினால் எழுந்ததன்று. வீடு மாவோரி மொழியை என்றும் காத்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கையே அவர்களை அவ்வாறு எழுதச் செய்தது எனலாம்.

அந்நம்பிக்கையைப் பின்வந்த பெரியோரும் கொண்டிருந்தனர். அவருள் ஒருவர் ஆப்பிரானா ஙாத்தா. (நம் மொழியில் ஙகரம் சொல்லுக்கு முதலில் வருதல் மிக அரிது, மாவோரி மொழியிலோ அஃது இயல்பு.) அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மாவோரியர், 1905 தொடக்கம் பாராளுமன்ற உறுப்பினர். பள்ளி ஆங்கிலத்துக்கு, வீடு தாய்மொழிக்கு என்றிருந்த அவரே முதுமையில் மொழியின் தேய்வு கண்டு மனங்கலங்கினார்.

சுதேச பாடசாலைகளின் முதல் வித்தியாதரிசியாகிய யேம்சு போப் என்பார் 1880இல் வகுத்த விதிக்கோவை ஓரளவு மிதமானதே. கீழ் வகுப்புகளில் ஆங்கிலச் சொற்களின் பொருளை விளக்க மாவோரி மொழியைக் கையாளலாம். இயன்ற விரைவில் அதனை விட்டொழித்தல் வேண்டும் என்றது அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தரிசிகளோ ஆங்கிலத்தை ஆங்கிலத்தினாலேயே கற்பிக்கும் நேர்முறையை வற்புறுத்தினர். சட்டம் பிரம்பைக் கையிலெடுக்கச் சொல்லவில்லை. ஆயினும் பள்ளி வளவில் மாவோரி பேசியமைக்காக அடிபட்ட கதையைச் சொல்லும் முதியோர் மிகப் பலர். அடிபட்டோர் பெற்றோரானபோது தம் மக்களுடன் ஆங்கிலத்திலேயே பேசலாயினர். வகுப்பறையில் நெடுங்காலம் நின்றவர்க்கு, பிரம்பின் பயன் அடுத்த தலைமுறையிலேயே முற்றாக வெளிப்படும் என்பது விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின் பின் நிகழ்ந்த நகர்ப்பெயர்ச்சி எஞ்சியதையும் குலைத்தது. 1945இல் மாவோரியருள் ஏறத்தாழ நாலில் மூவர் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தனர். இருபது ஆண்டுகளில் அவருட் பெரும்பான்மையோர் நகரவாசிகளாயினர். 1970ஆம் ஆண்டுகளில் இரிச்சட்டு பெண்டன் என்னும் ஆய்வாளர் வீடுவீடாக நடத்துவித்த மொழியாய்வு, தாய்மொழி பேசும் சிறுவர் உள்ள ஊர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே என்று காட்டிற்று.

அத்தகைய ஊர்களுள் ஒன்று, தூஹோய் குலத்தார் வாழும் ரூவாத்தோக்கி. அவ்வூர்ப் பாடசாலையே 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அரசு ஏற்புப் பெற்ற முதல் இருமொழிப் பாடசாலையாயிற்று. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ரூவாத்தோக்கிச் சிறுவர் மாவோரி மொழி பேசிக்கொண்டே பள்ளிக்கு வந்தவர். அறிந்த மொழியிற் கற்று, பின் ஆங்கிலத்துக்குச் சென்றனர். நகரங்களிற் பின்னர்த் தோன்றிய இருமொழி வகுப்புகளுக்கு வந்தவரோ வீட்டில் ஆங்கிலமே பேசிய சிறுவர். பாட்டன் பாட்டியரின் மொழியை அவர்கள் பள்ளியிலேயே முதன்முதற் கேட்டனர். முன்னதிற் பள்ளி மொழியைப் பேணினாற் போதும். பின்னதில் அதனை மீளவும் ஊன்றவேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கியமை, பிற்காலத்திற் குழப்பம் பல விளைத்தது.

அடுத்துத் தோன்றியது 'கோஹங்கா ரேயோ'. மொழிக்கூடு என்பது அதன் பொருள். முதலாவது 1982இல் வெலிங்டனை அடுத்த வைநுயோமாத்தாவில் திறக்கப்பட்டது. அங்கே மொழியறிந்த மூதாட்டியர் பாலர்க்கு ஆசிரியராயினர். இடைத்தலைமுறையினர் தம் குழந்தைகளுடன் தாமும் கற்றனர். இக்கூட்டிலிருந்து வெளிவந்த பிள்ளைகள் ஆங்கில ஆரம்ப பாடசாலை புகுந்ததும் கற்ற மொழியை இழக்கக் கண்டமையே 1985இல் மேற்கு ஒக்லாந்தின் ஹோவானி வைதீதி மராயேயில் முழுமாவோரி ஆரம்ப பாடசாலை எழுந்தமைக்குக் காரணம். வைத்தாங்கி ஒப்பந்தம் காப்பதாக உறுதியளித்த 'தாவோங்கா' என்னும் அருஞ்செல்வங்களுள் மொழியும் அடங்கும் என 1986இல் வைத்தாங்கித் தீர்ப்பாயம் முடிவு கூறியது. மறு ஆண்டு மாவோரி ஆட்சிமொழியாயிற்று. 1989ஆம் ஆண்டின் கல்விச் சட்டத் திருத்தம் அப்பாடசாலைகளை ஏற்றுக்கொண்டது.

பின்னர் அரசினர், பாடவேளையில் மாவோரி மொழி பெறும் பங்கினை அளந்து உதவிப்பணம் வழங்கும் முறையை வகுத்தனர். நூற்றுக்கு 81க்கு மேற்பட்டது முதற்படி, 51 முதல் 80 வரை இரண்டாம் படி, அதற்குக் கீழ் மேலும் இரு படிகள். 2004இல் வெளிவந்த ஆய்வறிக்கையொன்று, பாதி வேளைக்குக் குறைந்த போதனையால் இருமொழித் தேர்ச்சி கிட்டுதல் அரிது எனவும், பிள்ளை குறைந்தது ஆறு ஆண்டேனும் அவ்வகுப்பில் நிலைத்திருத்தல் வேண்டும் எனவும் கூறிற்று. ஆனாற் பெற்றோர் பலர் இரண்டு மூன்று ஆண்டிலேயே, ஆங்கிலத்திற் பின்தங்கிவிடுமோ என அஞ்சிப் பிள்ளையை ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடுகின்றனர். 1876இன் அச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை.