முழங்காலும் பூப்பந்தும்



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் என்னோடு பூப்பந்து ஆடியவர்கள் கேட்கிறார்கள்: "சார், மூட்டு மாற்றின பிறகு திரும்ப ஆடலாமா?" போன வருடம் வலது முழங்கால் மாற்றிய எனக்கும் அதே கேள்விதான். பதில் வரலாற்றில் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி முதலில் இடுப்பு மூட்டின் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். சில வருடங்களிலேயே அது தேய்ந்துபோனது. 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார், அது நிலைத்தது. 1974இல் நியூயார்க்கில் இன்சால், வாக்கர் ஆகியோருடன் முழங்கால் மூட்டை வடிவமைத்தவர் நம் நாட்டில் பிறந்த ரணாவத். 2000இல் மும்பையில் பிரதமர் வாஜ்பாயின் முழங்காலை மாற்றியவரும் அவரே.

2019 ஜனவரியில் இடுப்பு எலும்புக்கு உலோக உறை போட்டுக்கொண்ட டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி, அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் பட்டம் வென்றார். அவருக்கு வயது 32. நமக்கு?

பாலிஎத்திலீனும் மெல்லத் தேயும். ஓடிக் குதித்தால் தேய்மானம் கூடும். விழுந்தால் எலும்பே முறியும். அதனால் முதலில் தொடைத் தசைக்குப் பயிற்சி, நடை, சைக்கிள். மற்றது உங்கள் மருத்துவர் சொல்கிறபடி.

என் மருத்துவர் குதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மனம் கேட்கவில்லைதான். இப்போது மாலையில் நின்ற இடத்திலிருந்தே பிள்ளைகளுக்குப் பந்து போடுகிறேன். மட்டை கையில் இருக்கிறது, அது போதும்.