இந்தியாவில் வனவியல் கல்வி: மாணவர் சேர்க்கையின் வரலாறு

வனவியல் கல்வி என்பது மரம் வளர்ப்பு, காட்டு மேலாண்மை, மரப்பொருள் பயன்பாடு, வனவிலங்கு உயிரியல் ஆகியவற்றை ஒருங்கே பயிற்றும் துறையாகும். இந்தியாவில் இத்துறையின் மாணவர் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் வந்தது காடுகளின் பரப்போ இளைஞர்களின் சூழலியல் ஆர்வமோ அன்று. அரசு வனத்துறையில் எத்தனை பணியிடங்கள் நிரப்பப்பட்டன என்பதே பெரும்பாலும் அதனை நிர்ணயித்தது.

1864இல் தலைமை வனக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸ், உயர் அலுவலர்களை ஐரோப்பாவில் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் முதலில் பிரான்சின் நான்சியிலும் ஜெர்மனியிலும், 1885 முதல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிலும், 1905க்குப் பின் ஆக்ஸ்போர்டு முதலிய பல்கலைக்கழகங்களிலும் பயின்றனர். காட்டில் நேரடியாக வேலைவாங்கும் வனச்சரகர்களை உருவாக்க 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவுக்கெனக் கோயம்புத்தூரில் 1912இல் சென்னை வனக் கல்லூரி தோன்றியது. இப்பள்ளிகளில் படிக்க விரும்பியவர் எவரும் விண்ணப்பித்து நுழைந்துவிட இயலாது. மாகாண அரசு தனக்குத் தேவையான ஆட்களைத் தெரிவுசெய்து அனுப்பி வைத்தது. எனவே அக்காலத்தில் மாணவர் சேர்க்கையும் பணியமர்த்தலும் ஒன்றே.

இந்தப் பிணைப்பின் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. உயர் பணிகளில் இந்தியரைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, 1926இல் டேராடூனிலேயே இந்திய வனப் பணி அலுவலர்களுக்கான பயிற்சி தொடங்கியது; ஆனால் அனைத்திந்திய அளவிலான ஆளெடுப்பு நின்றுபோகவே, 1932இல் அப்பயிற்சி மூடப்பட்டது. ஆசிரியரும் கட்டடமும் ஆய்வு வனங்களும் இருந்தும், பணியிடம் இல்லாததால் மாணவர் இல்லாமற் போன நிலை அது. மாகாணங்களுக்கு அலுவலர்கள் மீண்டும் தேவைப்பட்டதால் 1938இல் இந்திய வனக் கல்லூரி என்ற பெயரில் உயர்நிலைப் பயிற்சி புத்துயிர் பெற்றது.

விடுதலைக்குப் பின் சமஸ்தானக் காடுகளும் ஜமீன் காடுகளும் அரசின் கைக்கு வந்ததால் வனத்துறையின் பரப்பு விரிந்தது. 1966இல் இந்திய வனப் பணி மீண்டும் உருவாக்கப்பட்டது. வனச்சரகர் கல்லூரிகள் கர்சியாங், பாலாகாட் முதலிய இடங்களுக்கும் பரவின. எனினும் கல்வி துறையின் மதிலுக்குள்ளேயே இருந்தது. அதனை வெளியே கொண்டுவந்தது, 1976இல் தேசிய வேளாண்மை ஆணையம் அளித்த அறிக்கை முன்வைத்த சமூகக் காடுகள் என்னும் கருத்தாகும். ஊர்ப் பொதுநிலம், ஏரிக்கரை, சாலையோரம், விவசாயியின் வயல் ஆகியவற்றில் விறகுக்கும் தீவனத்துக்கும் மரம் வளர்ப்பதையே இது குறிக்கும். தமிழ்நாட்டில் இத்திட்டம் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் 1981இல் தொடங்கியது. இதற்கு வேண்டிய ஆட்கள் காவல் பணிக்குப் பழகியவர்கள் அல்லர். நாற்றங்காலும் மண்ணும் அறிந்து விவசாயியோடு பேசத் தெரிந்தவர்கள். ஆகவே 1980களின் நடுவில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவோடு, மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் நான்காண்டு வனவியல் இளமறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கின. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய இப்படிப்பு, பின்னர் நீலகிரி அடிவாரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் தனிக் கல்லூரியாக வளர்ந்தது. இமாசலப் பிரதேசத்தின் சோலன், கர்நாடகத்தின் சிர்சி, கேரளத்தின் வெள்ளாணிக்கரை ஆகிய இடங்களிலும் இக்கல்வி வேரூன்றியது.

இம்மாற்றம் சேர்க்கையின் இயல்பையே மாற்றியது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் கலந்தாய்வும் வாயிலாக அமைந்தபின், துறை அனுப்பாத மாணவர்கள் முதன்முறையாக வகுப்பறைக்கு வந்தனர். பணிவழிப் பயிற்சியில் நெடுங்காலம் இடம்பெறாத பெண்கள், இந்திய வனப் பணியிலேயே 1980இல்தான் நுழைந்தவர்கள், பட்டப்படிப்பில் கணிசமான பங்கைப் பெற்றனர். அதே வேளையில், கலந்தாய்வில் வேளாண்மைப் பட்டத்துக்கு அடுத்த விருப்பமாகவே வனவியலைக் குறிக்கும் மாணவர்கள் பலர். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், மரத்தின் சுற்றளவை அளக்கவும், அதிலிருந்து மரக்கட்டையின் கன அளவைக் கணக்கிடவும் முதலில் கற்கும் மாணவர், படிப்பு முடிந்ததும் வனத்துறைத் தேர்வுக்குப் பிற அறிவியல் பட்டதாரிகளோடு போட்டியிடுகிறார் என்பது இதற்கு ஒரு காரணம்.

வேலைச் சந்தையும் இடம் மாறியது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும், கோதவர்மன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளும் அரசுக் காடுகளில் மரம் வெட்டுவதைப் பெரிதும் கட்டுப்படுத்தின. அதன்பின் சவுக்கு, தைலமரம் முதலியவற்றை விவசாயிகளின் நிலத்தில் வளர்ப்பித்து வாங்கும் போக்கு வலுப்பெற்றது. கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகள் இதற்கென நாற்றங்கால்களையும் தோட்டப் பிரிவுகளையும் நடத்துகின்றன. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வும் வனவியல் பட்டதாரிகளுக்குத் திறந்துள்ளது. இவ்வழிகள் பயனுடையனவே, ஆயினும் மாணவரை ஈர்க்கும் முதன்மை விசையாக இன்றும் நிற்பது காக்கிச் சீருடைதான். தெலங்கானாவில் மேட்டுப்பாளையத்தை முன்மாதிரியாகக் கொண்டு 2016இல் தொடங்கப்பட்ட கல்லூரியும் வனத்துறைப் பணியை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டது.

இந்திய வனப் பணிக்கான உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 25 கிலோமீட்டரையும் பெண்கள் 14 கிலோமீட்டரையும் நான்கு மணி நேரத்தில் நடந்து கடக்க வேண்டும். ஆனால் விண்ணப்பிக்க வனவியல் பட்டம் கட்டாயமில்லை. தாவரவியல், இயற்பியல், கணிதம், பொறியியல் முதலியவற்றில் பட்டம் பெற்றவர்களும் எழுதலாம். வனப் பணிகளுக்கு ஆள் எடுக்கும்போது வனவியல் கல்வித் தகுதியைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை வலியுறுத்திய பின்னரும் அவ்விதி மாறவில்லை.