இயக்கிய கைகள் இனி வடிவமைக்கட்டும்

இராசபாளையத்தில் ஆலைச் சங்கொலி கேட்டே பொழுது விடிந்த காலம் ஒன்று உண்டு. 1936ஆம் ஆண்டு இராசபாளையம் மில் தோன்றிற்று. அதனைத் தொடர்ந்து இவ்வட்டாரத்தில் பஞ்சாலைகள் பல எழுந்தன. நம் சமுதாயப் பெரியவர்கள் ஆலைகளில் பஞ்சு சுமந்தனர், கழிவு கூட்டினர், பின்னர் எந்திரங்களையும் இயக்கினர். ஓசை மாறினாலே பழுது எங்கென்று கூறவல்லவர்கள் நம் தெருக்களில் வாழ்ந்தனர். எனினும், இத்தண்டு இத்தனை கனம் இருத்தல் வேண்டும், இப்பற்சக்கரத்திற்கு இத்தனை பற்கள் வேண்டும் என வரையறுத்தவர் வேறு யாரோ! அவ்வாறு வரையறுக்கும் கல்வியே பல்கலைக்கழகங்களில் 'எந்திர உறுப்புகள் வடிவமைப்பு' எனப் பயிற்றப்படுகிறது. அக்கல்வி பிறந்த வரலாற்றையும், அதன் வாயில் நமக்குத் திறந்த வரலாற்றையும் நம் இளைஞர் ஒருங்கே அறிதல் நலம்.

முறிவுகள் கற்பித்த கல்வி இது. 1842 மே 8ஆம் நாள் பாரிசு நகருக்கு அருகே இரயில் எஞ்சின் ஒன்றின் அச்சு முறிந்து, 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெடுநாள் ஓடிய அச்சு திடீரென முறிவதேன்? செருமானிய இரயில்வே பொறியாளர் வோலர் அச்சுகளை ஓயாது சுழற்றிச் சோதித்து விடை கண்டார். ஒரு முறை வந்தால் தாங்கக்கூடிய பாரமே, இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் இரும்பைக் களைப்புறச் செய்து முறித்துவிடும் என்பதே அது. தண்டின் விட்டத்தை இரு மடங்காக்கினால் முறுக்கைத் தாங்கும் வலிமை எட்டு மடங்காகும் என்பது போன்ற கணக்குகளும் இக்கல்வியில் அடங்கும். விருதுநகரிலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் இரயிலின் அச்சுக்கும் இவ்வறிவே காவல்.

தமிழகத்தில், 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1894இல் எந்திரப் பொறியியல் தொடங்கப்பட்டது. அந்நாளில் நம் பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளியே எட்டாக்கனி. பின்னர் வகுப்புவாரி ஆணையின்படி, ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 தாழ்த்தப்பட்டோருக்கு என ஒதுக்கப்பட்டன. அவ்வாணை செல்லாதென 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளுள் ஒன்று பொறியியற் கல்லூரி இடம் கோரித் தொடுக்கப்பட்டதே ஆகும். தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராயிருந்த அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரசியலமைப்பு திருத்தப்பட்டு, 15(4) என்னும் பிரிவு சேர்ந்தது. நாம் இன்று கல்லூரியில் பெறும் இடம் எவரும் இரங்கி ஈந்ததன்று. போராடிக் காத்த உரிமை!

கல்லூரிகளும் நம்மை நெருங்கி வந்தன. 1963இல் இராசபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா பாலிடெக்னிக், 1984இல் திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியற் கல்லூரி, 2013இல் இராசபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி எனத் தோன்றின. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் எந்திரப் பொறியியலைத் தமிழ்வழியிலும் தொடங்கிற்று.

வாயில் திறந்துவிட்டது. ஆயினும் வாயிற்படியிலேயே நின்றுவிடுவோர் உளர். நம் பள்ளியில் பயின்று பொறியியல் சேர்ந்த ஆலைத் தொழிலாளி மகன் ஒருவன், வடிவமைப்புத் தாளில் இருமுறை தவறிப் படிப்பையே விடத் துணிந்தான். அழைத்துக் கேட்டோம். "கணக்கு வருகிறது ஐயா, அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பதென்றுதான் தெரியவில்லை" என்றான்.

அவன் குறிப்பிட்டது கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த வடிவமைப்புத் தரவு நூல். தேர்வுக்கூடத்தில் கையில் வைத்துக்கொள்ள இசைவுள்ள நூல் அது! கையில் நூல் இருந்தும், காட்டித்தர ஓர் அண்ணன் வீட்டில் இல்லை. பி.ஏ. பயின்ற நமக்கும் அது விளங்கவில்லை. நம் சமுதாயப் பொறியாளர் ஒருவர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவனுடன் அமர்ந்தார். அவன் தேறினான்.

ஆகவே வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். அந்நூலின் படிகள் பத்து நம் நூலகத்தில் இருக்கட்டும். பட்டம் பெற்றோர் ஞாயிறுதோறும் இளையோரோடு அமரட்டும். இளைஞர்களே! ஒரு தாளில் தவறியதற்காகப் படிப்பைக் கைவிடாதீர். நம் தந்தையர் இயக்கிய எந்திரத்தை நாம் வடிவமைக்கும் நாளே நம் விழாநாள்.