மேல்முறையீடு

பேச்சில் 'அப்பீல்' என்போம், எழுத்தில் மேல்முறையீடு. 'முறை' என்பதற்கு நீதி என்று பழைய பொருள் உண்டு. முறையிடு என்ற வினையில் இடு, ஈடு என நீண்டு பெயராகிறது, கெடு கேடானதுபோல. 'மேல்' சேர்ந்ததும் நீதிமன்றப் படிக்கட்டு தெரிகிறது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கோ விளித்தல், அழைத்தல் என்றே பொருள். அதில் படிக்கட்டு இல்லை. இந்த இடத்தில் தமிழ்தான் துல்லியம் என்பேன்.

அமெரிக்காவின் மோனெல் வழக்கு இச்சொல்லுக்கு நல்ல உரை. நியூயார்க் நகரச் சமூக சேவைத் துறையிலும் கல்வி வாரியத்திலும் பணிபுரிந்த பெண்கள், மருத்துவத் தேவை எழுமுன்பே கர்ப்பிணிகளைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியதை எதிர்த்து 1971-ல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடக்கையிலேயே விதி மாறிவிட்டது. இழந்த சம்பளம் மட்டும் பாக்கி. மாநகரம் குடிமை உரிமைச் சட்டப்படி வழக்குத் தொடுக்கத்தக்க 'ஆள்' அல்ல என்ற 1961-ன் தீர்ப்பைக் காட்டிக் கீழ்நீதிமன்றம் கைவிரித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

பெண்கள் இன்னொரு படி ஏறினார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம், உள்ளாட்சி அமைப்பும் 'ஆள்'தான் என்றது. ஆனால் ஊழியர் செய்த தவறுக்கெல்லாம் அது பொறுப்பல்ல. அதன் கொள்கையோ வழக்கமோ தீங்குக்குக் காரணமாயிருக்க வேண்டும்.