போர்டு கடையும் பயிற்சி மையமும்

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படிக்க வாய்த்தவர்கள் சிலரே. தமிழ்நாட்டு வரைகலைஞர்கள் பலர் உருவானது இரண்டே இடங்களில்: முன்பு போர்டு ஆர்ட்டிஸ்ட் கடை, பிறகு கம்ப்யூட்டர் பயிற்சி மையம்.

கடையில் சேரும் பையன் கைக்கு உடனே பிரஷ் வராது. பழைய பெயின்டைச் சுரண்டுவான், தகரத்துக்கு பிரைமர் அடிப்பான், பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவுவான். பிறகு சுண்ணப் பொடி தடவிய நூலின் மறுமுனையைப் பிடிப்பான். ஆர்ட்டிஸ்ட் சுண்டிவிட்டால் தகரத்தில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் சாக்பீஸால் எழுத்துகளை அளந்து பார்த்த பிறகுதான் எனாமல். கடைப் பெயரின் கடைசியில் வரும் 'ஸ்டோர்ஸ்' நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் மொத்தத்தையும் அழித்து எழுத வேண்டியதுதான். 'ழ' எங்கே பருக்கும், எங்கே மெலியும் என்பதைக் கை திரும்பத் திரும்பப் போய்த்தான் தெரிந்துகொள்ளும். அதற்குச் சில வருடங்கள் பிடிக்கும்.

பயிற்சி மையத்தில் முதல் நாளே திரை முன் உட்காரலாம். கோரல்டிரா, போட்டோஷாப், இன்டிசைன் என்று மென்பொருள் வரிசையில் பாடம் நடக்கும். தவறினால் உடனே பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதால், துணிந்து பல விதமாகச் செய்து பார்க்க முடியும். இது பெரிய சுதந்திரம். சாரத்தில் ஏறி எழுதும் தொழிலில் பெண்களைக் காண்பது அரிது. சிறு ஊர்களில் இந்த வேலையை அவர்களுக்குத் திறந்துவிட்டவை கணினியில் பக்கம் வடிவமைக்கும் டிடிபி மையங்கள்தான். பழைய கடையை நினைத்து ஏங்குபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் மாற்றம் வந்தபோது எந்தப் படிப்பு தாங்கியது? 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது லை, னை, ணா போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவம் போனது. போர்டு எழுதுபவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது அந்த வடிவங்களை மட்டுமே. இடைவெளி, எடை, தூரத்திலிருந்து படிப்பவரின் பார்வை பற்றிய அறிவு அப்படியே பயன்பட்டது. 1985இல் வெளிவந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரோ 2001இன் ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. பொத்தான்கள் இருக்கும் இடத்தை மட்டும் கற்றிருந்தவர் இன்டிசைனில் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. பிளெக்ஸ் அச்சு வந்து போர்டு கடைகளையே மூடவைத்தது உண்மை. அது பறித்தது பிழைப்பை. அந்தக் கடைகளில் வளர்ந்த கண்ணை அல்ல.

2022 முதல் பரவிய செயற்கை நுண்ணறிவுப் படக் கருவிகள் ஒரு வரி எழுதினாலே போஸ்டர் தருகின்றன. பின்னணி நீக்குவது, நிறம் மாற்றுவது என மையங்கள் மாதக்கணக்கில் கற்பித்தவை இப்போது நொடி வேலை. ஆனால் அந்தப் படங்களில் தமிழ் சிதைந்து வருவதுண்டு. வழக்கமான மென்பொருளிலும் அமைப்பு சரியில்லாவிட்டால் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அப்படியே அச்சாகித் தெருவுக்கு வந்துவிட்ட பேனர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. அந்தப் பிழையைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு இனியும் வேலை இருக்கும்.

எனவே திரையைத் தொடும் முன்பே கை பழக வேண்டும் என்பதே என் முடிவு. கட்டணம் கட்டும் முன், எழுத்து வரையும் வகுப்பு உண்டா என்று மையத்தில் கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் ஊரில் இன்னும் பிரஷ் பிடிக்கும் ஆர்ட்டிஸ்ட் ஒருவரைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பழகுங்கள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.